நீட் எனும் வள்ளல்

நீட் தேர்வே, கொடையில் உன்னை மிஞ்ச ஆளில்லை. 2024-இல் சுமார் 23 லட்சம் பேர் உன்னை எழுதினார்கள். அவர்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தகுதி பெற்றவர்கள் என்று அறிவித்தாய். அந்த ஆண்டு நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய 1.1 லட்சம், அதில் கிட்டத்தட்டப் பாதிதான் அரசு இடம். இருந்தால் என்ன? வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத மனம் உனக்கு. பொதுப்பிரிவுக்கு 50-ஆவது பர்சன்டைல் என்றதும், பாதி மதிப்பெண் எடுக்கவேண்டுமோ என்று பெற்றோர் பதறினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேரை முந்தினால் போதும் என்று அவர்கள் வயிற்றில் பால் வார்த்தாய். 2022-இல் அந்தத் தகுதிக் கோடு 720-க்கு 117-இல் வந்து நின்றது.

பழைய கணக்கிலேயே யாரும் தேங்கிவிடக் கூடாது என்பதிலும் உனக்கு எத்தனை அக்கறை! 2023-இல் 650 எடுத்தவர் அகில இந்தியத் தரவரிசையில் ஏழாயிரத்தை ஒட்டி நின்றார். மறு வருஷம் அதே 650-ஐ முப்பதாயிரத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாய். 2025-இல் கேள்விகளை இறுக்கினாய். முதலிடமே 686 என்றானது. அந்த 650 அந்த ஆண்டு முதல் நூறு பேருக்குள். 2023-இல் 600 எடுத்து, அரசு சீட் தவறிப்போய், இருந்த நகையை அடகு வைத்துக் கோச்சிங் சென்டரில் ஒரு வருஷம் கிடந்து, 2024-இல் ஐம்பது மதிப்பெண் கூட்டி எடுத்த பெண்ணை ஏறக்குறையப் பழைய இடத்திலேயே உட்காரவைத்தாய். உழைப்பின் பலனை எதிர்பார்க்காதே என்பதை இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தரும் ஆசிரியர் வேறு யார்? அந்தப் பெண்ணுக்காகத்தான் இந்தப் புகழுரையே.

கணிதத்தையும் நீ வளர்த்திருக்கிறாய். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஒரு கேள்வியை விட்டால் 716, தப்பாக எழுதினால் 715. 720-க்கும் 716-க்கும் இடையில் வேறு எண் வர வழியில்லை. 2024 ஜூன் 4-ஆம் தேதி நீ 718, 719 என்றும் வழங்கினாய். தேர்வறையில் நேரம் பறிபோன 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டதால் வந்த அதிசயம் அது. முழு மதிப்பெண் 67 பேர் என்றாய். கருணையைத் திரும்பப் பெற்றதும் 61. ஓர் இயற்பியல் கேள்விக்கு ஒரே விடைதான் என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த பிறகு 17. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் கூசாத நேர்மை எல்லோருக்கும் வாய்க்காது.

உன் மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால் கண் கூசும்: பர்சன்டைலை ஏழு தசம இடம்வரை அச்சிட்டிருக்கிறாய். இந்த எண்ணுக்கு எந்தக் கல்லூரி, எந்தச் சுற்றுக் கலந்தாய்வில், எவ்வளவு கட்டணத்தில் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாய். பிள்ளையின் மனம் நோகுமே என்ற இரக்கமாக இருக்க வேண்டும்.

பணம் படைத்தவர் மீதும் உனக்கு ஓரவஞ்சனை கிடையாது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்ததால், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குள் வராத கூலித் தொழிலாளியின் மகள், 400 எடுத்தும் அரசு இடம் எட்டாமல் வீடு திரும்புகிறாள். 117-ஐத் தொட்டவரும், ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கேட்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வரிசையில் தலைநிமிர்ந்து நிற்கலாம். தகுதிக்குத்தான் நான் என்று நீ சொன்ன சொல் தவறவேயில்லை; இருவருமே தகுதி பெற்றவர்கள்.

உன் குடும்பமே கொடைக் குடும்பம். மேற்படிப்புக்கான நீட், காலி இடங்களை நிரப்புவதற்காக 2023-இல் தகுதிக் கோட்டைப் பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கே இறக்கியது. எழுதிய டாக்டர்கள் அத்தனை பேரும் தகுதி பெற்றார்கள். கட்டணம் கட்ட முடியுமா என்ற ஒரு கேள்விதான் அவர்களுக்குப் பாக்கி இருந்தது.