அறுபத்தொன்பது ரூபாய் வள்ளல்

மலிவு விலையில் ஹோஸ்டிங் தரும் நிறுவனத்தாருக்கு வணக்கம். என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த தீப்பெட்டி லேபிள்களுக்கு முதன்முதலில் இணையத்தில் குடியிருக்க இடம் கொடுத்தவர்கள் நீங்கள். சாத்தூர்க்காரர் அவர். பீடி, சிகரெட் தொடாதவர். ஆனாலும் டீக்கடை வாசல்களில் குனிந்து காலித் தீப்பெட்டி பொறுக்கியவர். வெந்நீரில் ஊறவைத்து உரித்து, பழைய நோட்டுகளுக்குள் அழுத்திவைத்த லேபிள் ஆறாயிரம். மாதம் 69 ரூபாய் போதும், டொமைன் இலவசம் என்றீர்கள். யார் கொடுப்பார் அப்படி?

முதல் பாராட்டு உங்கள் விளம்பரம் எழுதியவருக்கு. திருவிழாவில் அரிசியில் பெயர் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இவரிடம் பாடம் கேட்க வேண்டும். 69 உள்ளங்கை அளவுக்கு நிற்க, அதன் காலடியில் 'மூன்று ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்' என்பது எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. 36 மாதத்துக்கு 2,484 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,931. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சொன்ன சொல் காப்பதிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. இடத்துக்கு எல்லையே கிடையாது என்றீர்கள். ஒரு ஜிபிக்குக்கூட நீங்கள் கணக்குக் கேட்டதில்லை. எல்லை வைத்தது கோப்புகளின் எண்ணிக்கைக்கு: 50,000. படம் ஒன்றை ஏற்றினால், தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அதை ஆறு அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்ளும், அசலோடு ஏழு. ஆறாயிரம் லேபிளுக்கு அதுவே 42,000 கோப்பு. மிச்சத்தை வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளும் பிளகின்களும் மின்னஞ்சலும் தின்றன. பத்து ஜிபி நிரம்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. "குதிரை லேபிள் ஏற மாட்டேங்குதுப்பா, நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார் பெரியப்பா. எழுபத்திரண்டு வயது மனிதர் தன் விரலைச் சந்தேகப்பட்டாரே தவிர, உங்கள் வாக்கைச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தீர்கள்.

தளத்தின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் உலகத்துக்கே சும்மா கொடுக்கிறது. சும்மா கிடைப்பதற்கு மரியாதை ஏது? அதற்கு ஆண்டுக்கு 999 ரூபாய் மரியாதை தேடிக் கொடுத்தது நீங்கள்.

விலை வைக்கும் சாமர்த்தியத்தை எங்கள் பக்கத்துத் தீப்பெட்டிக்காரர்கள் உங்களிடம்தான் கற்க வேண்டும். 2007இல் பெட்டி விலையை ஒரு ரூபாய்க்கு ஏற்றினார்கள். அதன்பிறகு மெழுகு, அட்டை, பொட்டாசியம் குளோரேட் எல்லாம் விலை ஏறி மூச்சுமுட்டியும், இரண்டு ரூபாய் ஆக்க 2021 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். பதினான்கு ஆண்டு! நீங்கள் மூன்றே ஆண்டில் 69ஐ 349 ஆக்கினீர்கள். புதுப்பிக்க ஓராண்டுக்கு வரியோடு 4,942 ரூபாய். முதல் மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகம். பென்ஷனில் வாழ்கிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஆனால் உங்கள் பெருந்தன்மையின் உச்சம் டொமைன்தான். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பெயர் ஒன்றுக்குப் பதிவாளர்களிடம் வாங்கும் தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆயிற்று. அப்படிப்பட்ட செலவை எங்களுக்காக நீங்களே ஏற்றீர்கள். உரிமையாளர் என்ற சுமையையும் பெரியப்பா தலையில் வைக்காமல் உங்கள் பெயரிலேயே பதிந்துகொண்டீர்கள். டொமைனை வேறிடம் கொண்டுபோக மாற்றல் குறியீடு கேட்டபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் குறியீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. விதியை நீங்கள் மீறவே இல்லை. உரிமையாளர்தான் நீங்களாயிற்றே, உங்களிடம் நீங்கள் கேட்கவில்லை. சாட்டில் வந்த பிள்ளை பதினொரு முறை 'சார்' போட்டுப் பேசியது. அந்தப் பணிவுக்கும் நன்றி.

லேபிள்கள் இப்போது வேறொரு சின்ன கம்பெனியில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஒரே விலை. எத்தனை கோப்பு வைக்கலாம் என்பதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். டொமைன் பெரியப்பா பெயரில். விளம்பரக் கலையில் அவர்கள் உங்கள் கால்தூசிக்கு வரமாட்டார்கள்.

பழைய பெயரை நீங்கள் இன்னும் கைவிடவில்லை என்பதையும் பார்த்தேன். தவறாமல் புதுப்பித்து, 'இந்த டொமைன் விற்பனைக்கு' என்று பலகை மாட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயரை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து, ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் பெரியப்பா நீல மையில் குத்தியிருந்தார். போன வாரம் போனபோது, ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.