புடவை பழசு, போர்வை புதுசு

கேள்வி: கொல்கத்தாவில் போர்வை போர்த்தும் அளவுக்கா குளிர்கிறது? (சென்னை வாசகர்)

பதில்: டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடும். மங்கி கேப் அந்த ஊரில் குடும்பச் சொத்து. சியால்தா ரயில் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் படுக்கும் குழந்தைக்கு அந்த 13 டிகிரி தரையிலிருந்தும் ஏறும்.

கேள்வி: கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் 30 வருஷமாக இருக்கிறேன். பீரோ நிறையப் பருத்திப் புடவை. ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போர்வை தைத்துத் தர நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். பழந்துணியைக் கொடுப்பது அவர்களை அவமதிப்பது என்கிறாள் மருமகள்.

பதில்: உங்கள் பக்கத்து வீட்டு வங்காளிப் பாட்டியை மருமகளோடு போய்ப் பாருங்கள். பேரக்குழந்தை பிறக்குமுன்பே அவர் தைத்து வைப்பது எது? பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தா. புதுத்துணி சிசுவின் தோலை உராயும். நூறு தடவை துவைத்த பருத்தி உராயாது. கண்ணேறு படாது என்ற நம்பிக்கையும் உண்டு. வடமொழியின் ‘கந்தா’தான் அங்கே காந்தா, நம்மிடம் கந்தை. நாம் அதைக் கசக்கிக் கட்டச் சொன்னோம். வங்காளத்துப் பெண்கள் அடுக்கித் தைத்தார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த காந்தா முதலான நாட்டுப்புறக் கலைப்பொருள்களுக்கு கொல்கத்தா ஜோகாவில் ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. நாமும் பழம்புடவையில்தானே தூளி கட்டினோம்? ஆனால் மருமகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கறையும் கிழிசலுமாக மூட்டை கட்டி அனுப்பினால் அது அவமதிப்புதான். உங்கள் பேரனுக்குப் போர்த்துவீர்களா? போர்த்துவீர்கள் என்றால் கொடுங்கள்.

கேள்வி: ஒரு புடவையில் எத்தனை போர்வை வரும்?

பதில்: ஒன்றுதான். ஐந்தரை மீட்டரை அகலத்துக்குச் சமமாக வெட்டினால் ஐந்து சதுரம். ஐந்தையும் அடுக்கினால் ஒரு கைக்குழந்தைப் போர்வை. பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு புடவை வேண்டும். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைகளில் கனமாக எதையாவது வையுங்கள். முதலில் நீளநீளமாகத் தையல் போட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நெருக்கித் தையுங்கள்.

கேள்வி: எனக்குப் பூவேலை வராது. நேர்த்தையல் மட்டும்தான் தெரியும்.

பதில்: காந்தாவின் உயிரே அந்த நேர்த்தையல்தான். ஊசி ஏறி இறங்கி ஓட ஓடத்தான் அடுக்குகள் ஒன்றாகும், துணியில் அந்த மெல்லிய அலையும் விழும். சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது காந்தா வேலைக்காகத்தான்.

கேள்வி: பட்டு, சிந்தெடிக்?

பதில்: வேண்டாம். ஜரிகை கீறும், சிந்தெடிக் ஈரத்தை இழுக்காது. பட்டனும் மணியும் வேண்டவே வேண்டாம். குழந்தை வாயில் போடும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது தளர்வாக எதையும் போர்த்தக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மடியில் வைத்துச் சுற்றிப் பிடிக்கத்தான் அந்தச் சின்னக் காந்தா. கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: தைத்ததை எடுத்துக்கொண்டு நேரே அன்னை தெரசாவின் சிசு பவனுக்குப் போகலாமா?

பதில்: 1955-இல் தொடங்கிய இல்லம் அது, வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். ஆனால் எந்த இல்லமானாலும் துணியை வெட்டுமுன் போய்க் கேளுங்கள்: எத்தனை குழந்தைகள், என்ன வயது, எந்த அளவு, கொதிநீரில் துவைப்பார்களா? 20 பேர் இருக்கும் கூடத்தில் 12 போர்வையோடு போய் நிற்காதீர்கள். விடுபட்ட எட்டுக் குழந்தைகளின் முகத்தை உங்களால் பார்க்க முடியாது.

கேள்வி: குழந்தைகளுக்குப் போர்த்திவிடும்போது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா? நாலு பேர் பார்த்து உதவ வருவார்களே.

பதில்: போர்வையைப் படம் எடுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் குழந்தை வளர்ந்து நாளைக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் படம் அதற்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 78 வயது. ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரியவில்லை. நான் எதற்கு உதவுவேன்?

பதில்: அம்மா, பழைய காந்தாக்களில் ஓடும் சிவப்பும் நீலமும் கடையில் வாங்கியவை அல்ல, புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவிய நூல். அதற்குக் கண் வேண்டாம், பொறுமையான விரல் போதும். கரைகளை உங்கள் மடியில் போடச் சொல்லுங்கள். பேத்தி பத்து ஊசியில் கோர்த்து வைக்கட்டும்.