காசியப்பனின் பூச்சு வேலை

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைத் தீவில் நடந்த, கசிவே இல்லாத பூச்சு வேலை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லலாம்: தாதுசேன மன்னரை உயிரோடு சுவருக்குள் வைத்துக் களிமண் பூசிய வேலை. சேனாதிபதி மிகாரனே மேசனாக நின்று முடித்தான் என்கிறது பழைய வரலாற்று நூலான சூளவம்சம். காற்று புகவில்லை என்பதற்கு, அரசர் திரும்பி வராததே அத்தாட்சி.

எல்லாம் குடும்பத் தகராறுதான். மிகாரன் அரசரின் சகோதரி மகன், மருமகனும் கூட. பெண்டாட்டியைத் தொடையில் சவுக்கால் அடித்தான். மகளின் உடுப்பில் இரத்தத்தைக் கண்ட அரசர், அடித்தவனை விட்டுவிட்டு அவனைப் பெற்றவளை, அதாவது தன் கூடப்பிறந்தவளையே, எரித்தார். மருமகன் போய் அரசரின் மகன் காசியப்பனின் காதில் ஓதினான்: அப்பன் புதையலையெல்லாம் தம்பி முகலனுக்கு ஒளித்து வைத்திருக்கிறான். புதையலைக் காட்டு என்றதும் தாதுசேனர் தான் கட்டிய கலாவெவக் குளத்தில் இறங்கிக் குளித்து, கையில் தண்ணீரை அள்ளி, இவ்வளவுதான் என் சொத்து என்றார். மகனுக்கு நீர்ப்பாசனம் விளங்கவில்லை. சுவர் எழும்பியது. அந்தக் குளக்கரையைக் கட்டும்போது தியானத்திலிருந்து எழும்பாத பிக்கு ஒருவரை அரசர் மண்ணோடு மூடினாராம், அதற்கான வட்டிதான் இது என்று சூளவம்சம் கணக்கை நேர் செய்கிறது. இத்தனை ஆரவாரத்தில் அரசரின் மகளுடைய தொடைக் காயத்துக்கு யார் மருந்து கட்டினார்கள் என்பது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை.

பிறகு தம்பி படையோடு வருவான் என்ற பயத்தில் காசியப்பன் சீகிரியாப் பாறையில் ஏறிக்கொண்டான். பதினெட்டு வருஷம். அப்பனின் கைத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தவன், அங்கே போய் நீர்த்தோட்டம் போட்டான் என்பதுதான் வேடிக்கை. மேற்கு வாசல் பக்கம் நடந்தால் அந்த நீரூற்றுகளைப் பார்க்கலாம். தரையோடு தரையாகப் பதித்த வட்டமான சுண்ணாம்புக்கல் தட்டு, அதில் ஒழுங்காகக் குடைந்த துளைகள், அடியில் நிலக்கீழ்க் கால்வாய். பம்ப் கிடையாது. உயரத்துத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே. நல்ல மழை பெய்தால் இன்றைக்கும் பொங்குகிறது.

அந்தத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீரை எதிர்த்திசையில் ஓட விட்டிருந்தால் புண்ணுக்கு மருத்துவம் ஆகியிருக்கும். ஆறாத புண்ணில் அளவாக வெட்டிய ஸ்பொஞ்சை வைத்து, மேலே ஒட்டுத்தாளால் காற்றுப்புகாமல் மூடி, குழாய் பொருத்தி உறிஞ்சுவதுதான் எதிர்மறை அழுத்தச் சிகிச்சை. அழுக்கு நீர் வெளியேறும், வீக்கம் வற்றும், விளிம்புகள் நெருங்கும், அடியிலிருந்து சிவந்த புதுத்தசை எழும்பும். வழக்கமான அளவு 125 மில்லிமீட்டர் பாதரசம். தண்ணீர்க் கணக்கில் 1.7 மீட்டர். நீர் நிரப்பிய குழாயின் மறுநுனியைப் புண்ணிலிருந்து அவ்வளவு கீழே தொங்கவிட்டாலே அந்த இழுவை கிடைத்துவிடும். காசியப்பனிடம் இருந்ததோ சுமார் 180 மீட்டர் பாறை.

அரண்மனை வைத்தியர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு போயிருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

"மகாராஜா, கல்லுடைக்கிற ஒருவனுக்குக் காலில் ஆறாத புண். மேலே படுக்க வைத்து, குழாயை ஓர் ஆள் உயரம் கீழே விட்டால் போதும்."

"இவ்வளவு பெரிய பாறையை வைத்துக்கொண்டு ஓர் ஆள் உயரமா? மானம் போகிறது. அடிவாரம் வரைக்கும் விடும்!"

"பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரே குழாய்க்குள் அறுந்துவிடும், மகாராஜா. அதற்கு முன்னமே அவன் கால் அறுந்துவிடும்."

"சரி, வாயை எதனால் ஒட்டுவீர்?"

"சுண்ணாம்பு, தேன், முட்டை வெள்ளைக்கரு..."

"அது கண்ணாடிச் சுவருக்கு வந்த சாமான். கை வையாதீர்!"

சீகிரியாவின் அந்தக் கண்ணாடிச் சுவர் பளபளத்தது. அந்தக் கலவையைத்தான் பூசினார்கள் என்று ஊரிலே சொல்வார்கள். புண்ணுக்குத் தேனும் நெய்யும் என்று பழைய ஆயுர்வேத ஆசான் சுசுருதர் எழுதிவைத்திருக்க, தேன் சுவருக்குப் போனது. பின்னாளில் வந்த சுற்றுலாக்காரர்கள் அந்தச் சுவரில் கிறுக்கியவற்றில் 685 பாட்டுகளைத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்துப் புத்தகமாகப் போட்டார். கல்லுடைத்தவனின் கால் என்ன ஆனது என்று ஒரு பாட்டும் கேட்கவில்லை.

காசியப்பனின் கதை வேகமாக முடிந்தது. முகலன் வந்தான். பாதுகாப்பான பாறையை விட்டுக் கீழே இறங்கிச் சண்டை போட்டது முதல் முட்டாள்தனம். சேற்றைக் கண்டு யானை திரும்ப, அரசன் ஓடுகிறான் என்று படையும் ஓட, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். பெரிய இரத்தக்குழாய் திறந்து கிடக்கும் இடத்தில் உறிஞ்சும் சிகிச்சை கூடவே கூடாது என்பது இன்றைய விதி. ஆகவே அரசருக்கு நம் வைத்தியரால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

உறிஞ்சுவது என்னவோ எப்போதும் மலிவுதான். சுசுருதர் கொம்பையும் சுரைக்குடுவையையும் அட்டையையும் வைத்து வேலையை முடித்தார். அட்டையே ஓர் அருமையான கருவி: பம்பும் ஒட்டும் ஒரே உடம்பில், பட்டரி வேண்டாம். ஐரோப்பாவில் பட்டாளத்து முரசடிப்பவர்கள் வாளால் குத்துப்பட்டவர்களின் காயத்தை வாயாலேயே உறிஞ்சினார்கள். அருவருப்புத் தாங்காமலோ என்னவோ, டொமினிக் அனெல் என்ற பிரெஞ்சு சத்திரசிகிச்சையாளர் மனித வாய் இல்லாமல் காயத்தை உறிஞ்சும் கலை பற்றி 1707இல் ஒரு நூலே எழுதி, அதற்கென்று ஒரு பீச்சாங்குழலையும் செய்தார்.

1997இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற ஆய்வாளர்கள் ஸ்பொஞ்ச் வைத்து உறிஞ்சும் முறையைப் பன்றிகளில் பரீட்சித்து, பிறகு 300 மனிதப் புண்களில் பார்த்து, 296 நன்றாகத் தேறின என்று எழுதினார்கள். அதே வேலையைச் சோவியத் மருத்துவர்கள் எண்பதுகளிலேயே செய்திருந்தார்கள். 1989இல் சாரிக்கர் என்பவரும் கூட்டாளிகளும் வெறும் பஞ்சுத்துணியையும் வடிகுழாயையும் வைத்துச் செய்திருந்தார்கள். ஆனாலும் காப்புரிமை எடுத்தவன் கையில்தான் கல்லாப்பெட்டி. அந்தக் காப்புரிமையை வைத்துக் கே.சி.ஐ. கம்பனி உறிஞ்சும் இயந்திரத்தை வாடகைக்கு விட்டது. நாளுக்குச் சுமார் 100 டாலர். வழக்குப் போட்டுக்கொண்டே வளர்ந்தது.

2010இல் ஹெயிட்டி பூகம்பத்துக்குப் பிறகு, எம்.ஐ.டி. மாணவி டேனியல் சுரோவ்சிக் மடிப்பு மடிப்பான ஒரு பிளாஸ்டிக் பம்பைக் கொண்டுபோனார். கையால் அமுக்கிவிட்டால் போதும், மின்சாரம் வேண்டாம். செலவு சுமார் 3 டாலர். அங்கே அவரைத் திணறவைத்தது பம்ப் இல்லை, கட்டு. ஒட்டுத்தாளில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றுப் புகுந்து இழுவை போய்விடும். மின்பம்ப் என்றால் அந்தக் கசிவோடு மல்லுக்கட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மலிவுப் பம்புக்கு அந்தத் தெம்பு இல்லை. பம்ப் எவ்வளவு மலிவோ, பூச்சு அவ்வளவு திறமாக இருக்கவேண்டும். தாதுசேனருக்குப் பூசிய மிகாரனுக்கு இது தெரிந்திருந்தது, பொறியியலாளர்களுக்கு நாள் பிடித்தது.

நம் வார்டுகளில் சீனி வருத்தக்காரரின் காலைப் பார்த்தால் விஷயம் விளங்கும். சுவரில் உறிஞ்சுகுழாய் உண்டு. ஸ்பொஞ்சைக் கிருமி நீக்கிக்கொள்ளலாம். தாள்தான் வில்லன். மயிரை மழிக்கவேண்டும், தோலைத் துடைத்துக் காயவைக்கவேண்டும், வியர்த்தால் ஓரம் கிளம்பும். விரலிடுக்கில் ஒட்டவே ஒட்டாது. கட்டி முடித்ததும் தாதி குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பார். உஸ் என்றால் மறுபடியும் முதலிலிருந்து. ஸ்பொஞ்ச் நன்றாகச் சுருங்கி, தொட்டால் கெட்டியாக இருந்தால்தான் இரண்டு மூன்று நாளைக்கு நிம்மதி. 2022இல் டாலர் இல்லாமல் மருந்துக்கே அல்லாடிய நாட்டில், கிழிந்த தாளைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்?

இத்தனைக்கும் இறப்பர் கையுறை ஏற்றுமதி செய்கிற நாடு நாம். மாத்தளைப் பக்கம் இறப்பர் மரமும் நிற்கிறது. கைப் புண்ணுக்குக் கையுறையையே மாட்டி, மணிக்கட்டில் மட்டும் ஒட்டி, குழாயை விட்ட மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதே புத்தியைக் காலுக்கும் இறக்க நினைக்கிற முதலாளிக்கு விவரம் இதோ: விரல் ஐந்து, இடுக்கு நான்கு, வியர்வை ஓயாது, விலை ஒரு நாள் கூலிக்குள்.