யாருக்குப் பூசை?

கேள்வி: ஒரு மெடல் வாங்கினால் டத்தோ பட்டம், ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம், ஊரெல்லாம் பேனர்! விளையாட்டு வீரர்களைச் சாமியாக்குவது கொஞ்சம் ஓவர் இல்லையா?
– ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: எல்லா வீரர்களும் சாமியாவதில்லையே! டிவியில் வருகிறவருக்குத்தான் பூசை. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் 2008, 2012, 2016 ஒலிம்பிக்குகளின் இறுதி ஆட்டங்களில் ஆடியபோது, தே தாரேக் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மாமாக் கடைகளில் உட்கார்ந்திருந்தோம். மூன்றிலும் வெள்ளி. நம் பினாங்கின் நிக்கோல் டேவிட் ஸ்குவாஷில் 8 முறை உலகச் சாம்பியன். 2006 முதல் 2015 வரை விடாமல் உலக முதலிடம். டத்தோ பட்டம் அவருக்கும் உண்டு, ஒலிம்பிக் மெடல்தான் இல்லை. ஸ்குவாஷ் அங்கே நுழைவதே 2028-இல். அவர் ஓய்வு பெற்றது 2019-இல்.

இன்னொன்று: 2024 பாரிஸ் வரை மலேசியாவுக்கு ஒலிம்பிக்கில் ஒரு தங்கமும் கிடையாது. ஆனால் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 3 தங்கம் வந்தது. வென்ற மூவரின் பெயரை, பக்கத்து மேசையில் பந்தாட்டம் பார்த்துக் கத்தும் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். முழிப்பார். மான்செஸ்டர் யுனைடெட் மாற்று ஆட்டக்காரர்களைக் கேளுங்கள், மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்!