இங்கே பசிக்கும் நேரம் உண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்ட் வந்தால் பாரிஸில் பாதிக் கடை பூட்டு. நாங்களும் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்மேற்கே, தொர்தோஞ் ஆற்றுப் பக்கம், சர்லா என்ற ஊருக்குப் போய்வந்தோம். வாடகை கொடுக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு, இன்னொரு வாடகை கொடுத்துத் தரையில் படுப்பதற்குக் கேம்பிங் என்று பெயர். இவர் கைலியோடு பாத்திரம் கழுவப் போனால், பக்கத்துக் கூடாரத்து டச்சுக்காரர் பாத்திரத்தை விட்டுவிட்டுக் கைலியின் விலையை விசாரிக்கிறார்!

தரைகூடப் பழகிவிட்டது. இந்த ஊர் நேரம்தான் பழகவில்லை. காலை ரொட்டிக்கு முதல் நாளே கேம்பிங் ஆபீசில் எழுதிவைக்க வேண்டும். பன்னிரண்டரைக்குக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். இரண்டு மணிக்கு மேல் ஓட்டலுக்குப் போனால், “அடுப்பு அணைத்தாயிற்று, காப்பி வேண்டுமானால் தருகிறோம்” என்பார்கள். திங்கட்கிழமை பல கிராமங்களில் ரொட்டிக்கடைக்கும் லீவு. ராத்திரி பத்துக்கு மேல் கேம்பிங்கில் இருமினாலும் மெதுவாக இரும வேண்டும்.

சர்லாவில் சந்தை புதனும் சனியும். வாத்து ஈரல், அக்ரூட் எண்ணெய், கபேகூ என்ற வட்ட ஆட்டுப்பால் சீஸ். வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் காதிலேயே விழாது. முலாம்பழக்காரர், “எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?” என்றார். இன்றைக்கே என்றேன். “மத்தியானமா, ராத்திரியா?” இரண்டு வேளைக்கும் ஒவ்வொன்று கேட்டேன். காம்பைப் பார்த்து, அடியை முகர்ந்து, நாலைந்தை ஒதுக்கி, இரண்டு எடுத்தார். ராத்திரிப் பழத்தின் காம்போரம் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். நம் வீட்டில் சொன்ன பேச்சை யார் கேட்கிறார்கள்? சின்னவன் கோடு போட்டதை மத்தியானமே வெட்டினான், கடுக்கென்றிருந்தது. மற்றது ராத்திரிக்குள் குழைந்துவிட்டது. மனுஷர் கணக்குத் தப்பவில்லை.

செந்த் மரி என்ற பழைய மாதா கோவில் அங்கே மார்க்கெட். நம் ஊர்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடாதே. அதே ஊரில் வளர்ந்த ழான் நுவேல் என்ற பெரிய கட்டடக்கலைஞர் அதற்கு வானளாவ இரும்புக் கதவு போட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய கதவும் நேரம் வந்தால் சாத்திக்கொள்கிறது.

பாறை ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்கும் போனோம். 1940-இல் பையன்கள் கண்டுபிடித்தது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களுக்கு ஆகாமல் போய், 1963-இல் மூடிவிட்டார்கள். நாங்கள் பார்த்தது 2016-இல் திறந்த நகல். ஆதிமனிதன் வரைந்த மாட்டையும் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குத்தான் பார்க்க முடியும். நகல் என்று தெரிந்தும் இவர் வாய் திறக்காமல் நின்றார். கல்யாணமான நாளாக நான் பார்க்காத அதிசயம்.

அடுத்த வருஷம் வருகிறேன் என்றாயே, ஆகஸ்டில் வராதே, ஜூனில் வா. கூட்டம் குறைவு, ஸ்ட்ராபெரியும் கிடைக்கும். மிளகாய்த்தூள் இரண்டு பொட்டலம் கொண்டுவா. மூன்று மணிக்குச் சாப்பிட உட்காரும் அத்தானை மட்டும் இப்போதிருந்தே பன்னிரண்டரைக்குப் பழக்கு.

அன்புத் தங்கை