திருமுதுகுன்றத்தில் ஒண்டிச் சீட்டு: ஒரு மாற்றுரைப்பு ஆய்வு

திருமுதுகுன்றம், அதாவது விருத்தாசலம், என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷன் ஞாபகம் வரும், பீங்கான் ஞாபகம் வரும். சீட்டு ஞாபகம் வந்ததாக இதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆய்வுலகின் இந்த மெத்தனத்தைப் போக்க வேண்டும் என்றே பேனாவை எடுத்தேன். சீட்டு என்றால் மரத்தடி மங்காத்தா இல்லை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியும் இல்லை. அதற்குச் சட்டமன்றம், கவர்னர், ஐகோர்ட் என்று பெரிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நம் பொருள், கம்ப்யூட்டரில் ஒருவரே உட்கார்ந்து தனக்குத்தானே தோற்கும் சாலிட்டேர்.

முதலில் வரலாறு. 1990 மே மாதம் வெளிவந்த விண்டோஸ் 3.0-வில் இந்த ஆட்டம் இருந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, அப்போது மைக்ரோசாப்டில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். செர்ரிக்கு இதற்காகத் தம்பிடி ராயல்டி கிடையாது. மேலாளர் வந்தால் சட்டென்று கணக்குத் தாளைக் காட்டும் ஒரு பித்தானையும் அவர் வைத்திருந்தாராம். கம்பெனி எடுத்துவிடச் சொல்லிவிட்டது. அதன் விளைவை உலகம் 2006-இல் கண்டது. நியூயார்க் மேயர் புளூம்பெர்க், திரையில் சீட்டு விரித்திருந்த ஓர் ஊழியரை வேலையைவிட்டே அனுப்பினார். பித்தானை எடுத்ததற்கும் வேலை போனதற்கும் இடையிலுள்ள காரணகாரியத் தொடர்பை முதலில் நிறுவியவன் நான்தான் என்று பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஆட்டத்தைக் கொடுத்த நோக்கம், மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொன்றின்மேல் விட ஜனங்களுக்குக் கை பழக வேண்டும் என்பது. பழகியது. நான் கம்ப்யூட்டரில் கணக்கெழுத டாலி படிக்கப் போனேன். வரவும் பற்றும் இன்றைக்கும் குழப்பம். கறுப்பு எட்டின்மேல் சிவப்பு ஏழு வைப்பதில் ஒருநாளும் பிசகியதில்லை.

இனி ஊருக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவு. சாலிட்டேரில் ஏழு வரிசை. முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று ஏழு வரை அடுக்கினால் மொத்தம் 28 சீட்டு. நம் பழமலைநாதர் கோயிலில், 28 சைவ ஆகமங்களுக்கும் ஆளுக்கொன்றாக 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. இது தற்செயல் என்று சொல்கிறவர்களோடு வாதம் செய்ய எனக்கு நேரமில்லை. கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்து, சீட்டில் மட்டும் ஏன் நான்கு சாதி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆர்ட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு, ஐந்தாவது நாமே.

அடுத்தது மண்ணியல். செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்த்த என் சித்தப்பாவிடம், போனில் சாலிட்டேரைத் திறந்து நீட்டினேன். ஆடிப் பார்த்தார். தப்பாக வைத்த சீட்டைத் திரும்ப எடுக்கும் அம்புக்குறியை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஆட்டத்தின் தொடக்கத்துக்கே போய்விட்டார்.

"பச்சையா இருக்கிற வரைக்கும் உடைச்சுத் தண்ணியில போட்டா திரும்ப மண்ணுதான்டா. வெந்துட்டா சில்லு. இதுல எதுவுமே வேகவே இல்லியே" என்றார்.

ஒரு நூற்றாண்டுக் கல்வியை இரண்டு வரியில் முடித்துவிட்டார். பழைய விண்டோஸ் சாலிட்டேரில் கடைசியாக வைத்த ஒரே ஒரு சீட்டைத்தான் திரும்ப எடுக்கலாம். அதற்கு முந்தியது வெந்தது வெந்ததுதான். போனில் வந்திருப்பது முழுக்கப் பச்சை மண். விண்டோஸின் இன்னொரு ஒண்டிச் சீட்டான ஃப்ரீசெல் ஆடியவர்களுக்கு இதன் கொடுமை புரியும். அதன் பழைய பதிப்பில் 32,000 ஆட்டங்களுக்கும் எண் உண்டு. 11982-ஆம் எண்ணை யாராலும் முடிக்க முடியாது. முடியாத ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்றவற்றில் நாம் தோற்றோம்.

இப்போது மையக் கருதுகோள். சுந்தரர் இந்த ஊரில் பன்னீராயிரம் பொன் பெற்றார். வழியில் கள்வர் பயம். இங்கே மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார் ஈசன். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதா என்று மனைவி பரவையார் சிரித்தார். பொன் கிடைத்தது. ஆனால் சுந்தரர் விவரமானவர், இங்கேயே அந்தப் பொன்னில் மாதிரிக்குக் கொஞ்சம், அதாவது மச்சம், வெட்டி வைத்திருந்தார். அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது.

நம் கதையும் இதேதான். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பழைய ஆட்டங்கள் கம்ப்யூட்டரோடு வருவது நின்றது, ஆற்றில் போட்டாயிற்று. 2016 நவம்பரில் மைக்ரோசாப்ட் சாலிட்டேர் தொகுப்பு ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது. அதைப் போல இன்னும் எத்தனையோ; எல்லாம் குளத்தில் கிடைக்கின்றன. என்னிடமும் மச்சம் இருக்கிறது: ஜெயித்ததும் ராஜாக்கள் ஒவ்வொருவராகத் துள்ளி, தரையில் மோதி, வால் வாலாகத் தடம் விட்டுத் திரையை நிறைத்தார்களே, அந்தக் காட்சி. பெயர் சொல்லத் தேவையில்லாத ஏதோ ஒரு செயலியை இறக்கி உரைத்துப் பார்த்தேன். கடைசி ராஜாவை வைத்தேன். முப்பது வினாடிக்கு மசாலாத்தூள் விளம்பரம் வந்தது. மாற்றுக் குறைவு ஐயமற நிறுவப்பட்டது.

களப்பணிக்கு ஜங்ஷன் சென்றேன். சேலம் வண்டிக்குக் காத்திருந்தவர்களில் மாதிரி எடுத்தேன். மாதிரியின் அளவு இரண்டு; அதில் ஒருவன் நான். மற்றவர் என் வயதுக்காரர், பக்கத்தில் அகல்விளக்கு அட்டைப்பெட்டிகள், கையில் அதே செயலி. ஆட்டம் முடிந்தது. அவர் திரையில் ராஜாக்கள் துள்ளினார்கள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க விளம்பரம் வரல?"

சுந்தரர் பதிகம் பாடினார், மாற்று ஏறியது. இவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு ஆடுங்க சார்."