குறை கேட்க வந்த கோமான்கள்

இணையத்தில் பொருள் விற்பவர்களுக்குப் பார்சல் அனுப்புவதில் என்ன தேவை என்று வீடு தேடிப் போய்க் கேட்கும் பெருந்தன்மை எல்லா நிறுவனத்துக்கும் வாய்த்துவிடாது. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் அக்கா ஒருவரைத் தேடி, அப்படியொரு கூரியர் நிறுவனத்தின் ஆய்வுக் குழு வந்தது. வந்த நேரத்தை மெச்ச வேண்டும். நவராத்திரிக்கு முந்தின வாரம். ஆள் சும்மா இருக்கும்போது கேட்டால் உண்மை வருமா? தலைக்கு மேல் வேலை இருக்கும்போது கேட்டால்தானே வரும்!

"எங்க ஆப்ல பட்டன் ஆரஞ்சுல இருந்தா பிடிக்குமா, நீலத்துல இருந்தா பிடிக்குமா மேடம்?" என்று தொடங்கினார்கள். அக்கா அப்போது பெட்டியில் அடைத்த காகிதக்கூழ் பொம்மையைத் தராசில் வைத்து, பக்கத்தில் அளவு நாடாவை நீட்டி, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் தொழிலில் மூக்கை நுழைக்காத நாகரிகம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பெட்டியோடு எடை 900 கிராம். பெட்டியின் அளவு 30க்கு 30, உயரம் 25 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் நாலரை கிலோ, கட்டணம் அதற்குத்தான். பொம்மை உடையாமலிருக்க விட்ட காற்றுக்கும் காசு பார்க்கத் தெரிந்த கணக்கு இது. கூரியர் கிடங்கில் அளக்கும் மெஷின் இன்னும் கூட்டிச் சொல்லும். அதை மறுக்கத்தான் போட்டோ. "பரிசீலித்தோம், கட்டணம் சரியே" என்று பதில் வர ஒரு நிமிஷம் ஆவதில்லை. அவ்வளவு சுறுசுறுப்பு பார்சல் போய்ச் சேருவதில்கூடக் கிடையாது.

"வீட்ல ஆள் இல்லைன்னு பொம்மை திரும்பி வந்துடுது தம்பி. போக வர ரெண்டு சார்ஜும் என் தலையில. கொலு முடிஞ்சு வந்தா அந்தப் பொம்மைய நான் யார்கிட்ட விக்க?" என்றார் அக்கா. தம்பி "சூப்பர் மேடம்" என்று மஞ்சள் சீட்டில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன்: 'உணர்ச்சிவசப்படுபவர்'. என்ன சுருக்கம்!

இதற்கிடையே பிக்கப் பையன் தெருவில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். 'விற்பனையாளர் தயாராக இல்லை' என்று ஆப்பில் பதிந்தது. பிக்கப் ஏன் தவறுகிறது என்பதைப் பேட்டி எடுத்தபடியே செய்முறையாகவும் நடத்திக் காட்டிய ஆய்வு வேறெங்காவது உண்டா?

மொத்தம் ஐந்து பேரைப் பார்த்தார்களாம். ஒரு வடிவமைப்பின் பயன்பாட்டைச் சோதிக்க 5 பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அவர் சொன்னது திரையில் ஆள் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பதற்கு. அதையே கிடங்கு, தெரு, வாசற்படி வரைக்கும் நீட்டிய தாராளம் இவர்களுடையது. அந்த ஐவரும் இன்னும் இவர்களிடமே பார்சல் போடுபவர்கள். கைகழுவிவிட்டுத் தபாலாபீஸ் பக்கம் போனவர்களைத் தொந்தரவு செய்யவில்லை, அது இங்கிதம்.

ஆய்வுக்குப் பலனும் வந்தது. பட்டன் நீலமாகிவிட்டது. ஆப்பைத் திறந்தால் தமிழில் 'வணக்கம்' என்கிறது. கூடவே ஒரு கேள்வி: எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை? 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் பிரபலமாக்கிய கணக்கு. ஒன்பதோ பத்தோ போட்டால் ஆதரவாளர். ஆறும் அதற்குக் கீழும் அதிருப்தியாளர். ஆறோ அதற்குக் கீழோ போட்டால் காரணம் கேட்டுப் போன் வரும், அரைமணி நேரம் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும். கை நிறையப் பசை, எதிரே இன்னும் ஒட்டாத பெட்டிகள். முழங்கையாலேயே பத்தை அழுத்தினார்.